மிதித்துவைத்த கால்

அந்தத் திங்கட்கிழமை விடியும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாயில் மல்லாக்கக் கிடந்தேன். இடப்பக்கம் திரும்பினால் முதுகுத்தண்டில் கம்பியைச் சொருகியதுபோல இழுத்தது. வலப்பக்கம் திரும்பவே முடியவில்லை. புதிய வலி இல்லை. பதினாலு வயதில் உரமூட்டை சுமந்து மலையேறிய காலத்தில் வந்தது. வருஷத்தில் மூன்று நான்கு தடவை வரும், இரண்டு நாள் இருக்கும், போகும். படுத்துக்கிடப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

சுவர் ஆணியில் என் சட்டை தொங்கியது. அதன் பையில் ஒரு பியூஸ் இருந்தது. விரல் நகம் அளவு, சிவப்பு பிளாஸ்டிக், தகரத்தில் இரண்டு கால். ஆறரை மணிக்கு அதை ஒரு காரில் திரும்பச் செருக வேண்டும். மணி ஐந்தே முக்கால். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பியூஸ் இல்லாமல் அந்தக் கார் அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். காரின் சொந்தக்காரனுக்கும் தெரியும், அவன் முந்தின நாள் இரவே கொழும்புக்குப் போய்விட்டான். கராஜ் முதலாளிக்கு அரைகுறையாகத் தெரியும். காரை ஓட்டப் போகிறவன் என் தங்கை புருஷன் விஜேந்திரன். அவனுக்குத் தெரியாது.

2003ஆம் வருஷம். நான் மொஹிதீன் நானாவின் கராஜில் மெக்கானிக். அப்புத்தளை பஜாரைத் தாண்டி, பெரகலை ரோட்டின் ஓரத்தில் இருந்தது அது. எங்களிடம் வருவதெல்லாம் மரக்கறி லொறி, தேயிலைக் கொழுந்து லொறி, தோட்டத்து டிராக்டர், பழைய வேன். ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்தது அது ஒன்றுதான். இரண்டு கதவு, சிவப்பு, ஜப்பானிலிருந்து பாவித்து வந்தது. முதல்தடவை அது உள்ளே வந்தபோது மொஹிதீன் நானா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதென்ன மாரி, காரா செருப்பா? உள்ளுக்கு எறங்கினா கால்ல போட்டுக்கிட்டு போற மாதிரி ஈக்கிது."

கார் கிஷாந்தனுடையது. அவன் அப்பா இரகுநாதன் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் மருந்து கொடுத்தவர். யாழ்ப்பாணத்து ஆள். நாங்கள் எல்லாரும் டாக்டரையா என்றுதான் சொல்வோம். என் இடுப்புக்கு முதன்முதலில் பிளாஸ்டர் ஒட்டியவரும் அவர்தான். பென்ஷனுக்குப் பிறகு அப்புத்தளையிலேயே வீடு கட்டிக்கொண்டார். மகன் கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். காருக்குப் பாதிக் காசு அவர்தான் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை என்னிடமும் சொல்லியிருக்கிறார்.

"மாரிசாமி, ஏபிஎஸ் பிரேக் இருக்கிற காரெண்டபடியால்தான் நான் காசு குடுத்தனான். இந்த மழையிலயும் புகார் மூட்டத்திலயும் அது இல்லாமல் இவன் ஓடக்கூடாது. நீர்தான் பாத்துக்கொள்ள வேணும்."

"சரிங்க ஐயா," என்றேன்.

காரைப் பார்த்துக்கொள்ள அவர் விஜேந்திரனை வைத்தார். விஜேந்திரன் பூனாகலையில் பன்னிரண்டு வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவன். கம்பெனி லொறிகளை வெளி ஆட்களுக்குக் கொந்தராத்துக்குக் கொடுத்தபோது அவனுக்கு வேலை போய்விட்டது. என் தங்கை சுதர்ஷினி மட்டும் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்க, அந்தப் பேரில் தோட்டத்து லயத்து அறையில் இருந்தார்கள். டாக்டரையா அவனுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தார். காரைக் கழுவ, ஸ்டார்ட் பண்ணி வைக்க, கராஜுக்குக் கொண்டுவர, தேவைப்பட்டால் கொழும்புக்கு இறக்க. மூன்று மாதத்தில் ஒரு கீறலும் விழாமல் இருந்தால் வேலை நிரந்தரம். அதோடு கிஷாந்தன் காரை என்ன செய்கிறான் என்று வந்து சொல்ல வேண்டும். விஜேந்திரன் ஒன்றுவிடாமல் சொன்னான். அவனுக்கு அந்த வேலை வேண்டும்.

முதல் வாரமே ரயில் கேட்டில் முன்னால் நின்ற வேனை முட்டப் பார்த்திருக்கிறான். நேராகக் கராஜுக்குக் கொண்டுவந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மச்சான், இந்தக் காருல பிரேக்கு கோளாறு. மிதிச்சா பெடலு காலத் திருப்பி உதைக்குது. கடகடன்னு கடிக்குது."

"கோளாறு இல்லடா. அதுதான் ஏபிஎஸ்."

"அது என்னா எழவு?"

"சில்லு சுத்தாம பூட்டிக்கிட்டு வழுக்காம இருக்க, அதுவா விட்டு விட்டுப் புடிக்கும். நீ லொறியில காலால செய்யிறத இது ஒரு பொட்டிக்குள்ள இருந்து செய்யுது. செக்கனுக்குப் பத்து தரம்."

"அப்ப எனக்கு என்னா வேல?"

"மிதிச்சு வைக்கிறது. அவ்வளவுதான்."

கொழுந்து லொறியின் பிரேக் எப்படி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும். இரண்டாவது மிதியில் பாதிக்கு நிற்கும். மூன்றாவது மிதியில்தான் பிடிக்கும். ஈர ரோட்டில் பிடித்தாலும் அப்படியே வைத்திருக்க முடியாது, சில்லு பூட்டிவிடும், வண்டி தன்பாட்டில் போகும். அதனால் பெடலை விட்டு விட்டுக் குத்த வேண்டும். குத்திக் குத்தி மிதித்துத்தான் மலையிலிருந்து வண்டியை இறக்குவார்கள். விஜேந்திரன் அதில் கெட்டிக்காரன். மூன்று தொன் பச்சைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கி வருவான், ஒரு சாக்கும் சரியாது. ஆனால் இந்தக் காரில் அவன் குத்தக் குத்த, ஏபிஎஸ் வேலை செய்ய நேரமே இல்லை. கால் எழும்பும்போதெல்லாம் பிரேக் விட்டுவிடுகிறது.

வேலை முடிந்து அவனைத் தோட்டத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மழை பெய்து புல் ஊறியிருந்தது. ஓர் எண்ணெய் டின்னை நட்டுவைத்து, அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். குத்தினான். டின்னைத் தட்டிவிட்டு அப்பால் போனான். மறுபடியும் குத்தினான். மறுபடியும் டின் உருண்டது.

"மூள சொல்லுதுடா மாரி. காலு கேக்குதில்ல."

"தங்கச்சி கத்தும்போது நீ என்னா செய்வ? வாய மூடிக்கிட்டு இருப்பல்ல? அதே மாதிரி இரு. அது உதைக்கட்டும். நீ அசையாத."

"அவ கத்துவா. ஒதைச்சதில்லயேடா."

"அதுக்கும் ஒரு நாளு வரும்."

பக்கத்து சீட்டில் இருந்து சாய்ந்து அவன் வலது முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். மிதி என்றேன். மிதித்தான். கால் துள்ளி எழப் பார்த்தது, நான் விடவில்லை. பெடல் கடகடவென்று அடித்தது, அந்த அதிர்வு முழங்கால் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. கார் டின்னுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எட்டு நாள் பின்னேரம் பின்னேரமாகப் போனோம். ஒன்பதாவது நாள் நான் சொல்லாமலே மிதித்து, அப்படியே வைத்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தை எட்டு நாளில் கழற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது மாதம் கொழும்பிலிருந்து ஒரு மோட்டார் கிளப் பூனாகலைக்கு மேலே ஹில் கிளைம்ப் போட்டி வைத்தது. தோட்டம் கைவிட்ட பழைய ரோடு ஒன்று அங்கே இருந்தது. தார் எல்லாம் போய், மண்ணும் உடைகல்லும்தான். கீழேயிருந்து மேலே போக எத்தனை செக்கன் என்று பார்ப்பார்கள். கிஷாந்தன் பெயர் கொடுத்திருந்தான். முந்தின வாரம் பழகிப் பார்க்கப் போனவன், பிற்பகல் முன்பம்பர் உடைந்து தொங்கத் திரும்பி வந்தான்.

"மாரியண்ணை, ஏபிஎஸ்ஸைக் கழட்டிவிடுங்கோ."

"ஏன் தம்பி?"

"நிக்குதில்லை. ரோட்டு வளையிற முடக்குக்கு முன்னால மிதிச்சா கடகடவெண்டு அடிக்குது, கார் தன்ரபாட்டில போகுது. மண் மேட்டில கொண்டுபோய் இடிச்சிட்டன். மற்றப் பெடியள் எல்லாம் கழட்டிப்போட்டுத்தான் ஓடுறாங்கள்."

அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் இதில் உள்ள சிக்கல். மண்ணிலும் சல்லியிலும் சில்லு பூட்டினால், அது உழுதுகொண்டு போகும். முன்னால் மண் குவியும், அந்தக் குவியலே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஏபிஎஸ் இருந்தால் பூட்டவிடாது. குவியல் சேரும் முன்னே சில்லை உருட்டிவிடும். ஈரத் தாரில் கதை தலைகீழ். அங்கே பூட்டின சில்லுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வளைத்தாலும் கார் நேராகத்தான் போகும். மண்ணுக்குக் கழற்றுவது சரி, தாருக்குத் தப்பு. இதை அவனிடம் சொன்னேன்.

"அப்ப தாருக்கு வரேக்க திருப்பிப் போடுவம். ஒரு நாள் அலுவல்தானே அண்ணை."

மொஹிதீன் நானா கை துடைத்துக்கொண்டே வந்தார். "தம்பி, ஒங்கட அப்பாக்கு தெரியுமா?"

"அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்."

"அப்ப செய்யேலாது."

"ஏன் நானா, கார் என்ர பேரிலதானே இருக்கு?"

"கார் ஒங்கட பேர்ல. பிரேக்கு புடிக்காட்டி எவன்ட பேர்ல?"

கிஷாந்தன் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "மாரியண்ணை, உங்களுக்குத்தான் விளங்கும். இஞ்ச வேற ஒருத்தருக்கும் விளங்காது. விஜேந்திரனுக்கும் சொல்லாதேங்கோ. சொன்னா பின்னேரமே அப்பாட்டப் போயிடும்."

மொஹிதீன் நானாவுக்கு அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. தொப்பியை எடுத்தார். "மாரி, எனக்கு இந்த சாமான் வெளங்காது. ஒன்ட கை, ஒன்ட புத்தி," என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

செய்தேன். ஏன் செய்தேன் என்று பிறகு நிறையத் தடவை யோசித்திருக்கிறேன். டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வெளியே மழையில் வரிசையில் நின்று மருந்துத் தண்ணீர் வாங்கிய ஆள் நான். அந்த ஜன்னலுக்கு உள்ளே வளர்ந்த பிள்ளை என்னைப் பார்த்து உங்களுக்குத்தான் விளங்கும் என்கிறது. அது ஒரு காரணமாக இருக்கலாம். அவன் சொன்னது சரியாக இருந்தது, அது இன்னொன்று. ஒரு பியூஸ்தானே என்றும் நினைத்தேன்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பியூஸைப் பிடுங்கினேன். விரலால் ஓர் இழு, வந்துவிட்டது. உடனே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்கிற விளக்கு.

"ஓடேக்க இது கண்ணைக் குத்தும் அண்ணை. மறைச்சுவிடுங்கோ," என்றான் கிஷாந்தன்.

வயர் சுற்றுகிற கறுப்பு டேப்பில் சின்னத் துண்டு வெட்டி, கண்ணாடியில் அந்த இடத்தில் ஒட்டினேன். டேஷ்போர்டும் கறுப்பு. தெரிந்து தேடினால் ஒழியத் தெரியாது. வேலை சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூனாகலைக்கு நானும் போனேன். கார் நன்றாக நின்றது. ஒவ்வொரு முடக்கிலும் மண்ணை உழுதுகொண்டு நின்று, திரும்பி, ஏறியது. கிஷாந்தன் மூன்றாவதாக வந்தான். ஒரு கப் கொடுத்தார்கள். சிநேகிதர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பக்கத்தில் போய், "இப்பவே போட்டுறவா தம்பி? ரெண்டு நிமிஷம்," என்றேன்.

"நாளைக்குப் போடுங்கோ அண்ணை. வீடு வரைக்கும் நான்தானே ஓட்டுறன்," என்றவன் போட்டோ எடுக்கப் போய்விட்டான். அன்று மழை இல்லை. அவன் காரைக் கொண்டுவந்து அப்பா வீட்டு ஷெட்டில் விட்டுவிட்டு, சிநேகிதர்களின் வேனில் கொழும்புக்குப் போனான். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் காரைக் கொழும்புக்குக் கொண்டுவரச் சொல்லி விஜேந்திரனிடம் சாவியைக் கொடுத்தான்.

அன்று பின்னேரம் பஜாரில் விஜேந்திரனைப் பிடித்தேன். "காலையில போற வழியில கராஜுல நிப்பாட்டு. ஆறரைக்கு இருப்பேன். எண்ணெ பாக்கணும்."

"எண்ணெயெல்லாம் நானே பாப்பேன்டா."

"நான் பாக்கணும்."

"சரிங்க மெக்கானிக் பாஸு. சலாம் போட்டுட்டே போறேன்," என்று நெற்றியில் கை வைத்துக் காட்டினான். தவணை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காரில் அவன் கையால் ஒரு கீறலும் விழவில்லை. நல்ல சந்தோஷத்தில் இருந்தான்.

அப்படித்தான் நான் அந்தத் திங்கட்கிழமை பாயில் கிடந்தேன், பியூஸ் சட்டைப் பையில் இருந்தது.

ஆறு மணிக்குப் பக்கத்து அறைக்காரர் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. அவர் பஸ்ஸுக்குப் போவது கராஜ் பக்கமாகத்தான். கூப்பிட்டிருக்கலாம். நான் வரும்வரை காரை எடுக்காதே என்று விஜேந்திரனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். எண்ணெய்க்காகக் கார் நிற்க வேண்டியதில்லை, அதுவும் அவனுக்குத் தெரியும். சொன்னால் டாக்டரையாவுக்குப் போகும். அவர் என்னிடம் சொல்லிவைத்திருந்தார், நான் சரிங்க ஐயா என்றிருந்தேன். வாயைத் திறந்தேன். பக்கத்து அறைக்காரரின் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. மூடிக்கொண்டேன்.

பிறகு மனதுக்குள் கணக்குப் போட்டேன். மெதுவாகத்தான் ஓட்டுவான். பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன். அந்த ரோடு அவனுக்கு வீட்டு வாசல். ஏபிஎஸ் இல்லாத வண்டிகள்தான் அந்த இறக்கத்தில் காலகாலமாக இறங்குகின்றன. எல்லாம் சரியான கணக்கு. அவன் காலை நான் மாற்றிவைத்திருந்ததை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

ஆறரைக்கு அவன் கராஜ் வாசலில் நின்று ஹோன் அடித்ததை எதிர்த்த தேத்தண்ணிக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். பத்து நிமிஷம் நின்றானாம். ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தானாம். "மெக்கானிக் பாஸுக்கு இன்னும் விடியல," என்று சிரித்துவிட்டு, தானே பொனட்டைத் திறந்து எண்ணெய் பார்த்துவிட்டுப் போனானாம்.

எட்டு மணிக்கு மொஹிதீன் நானா என் அறைக் கதவைத் தட்டினார். அவர் என்னைத் தேடி அறைக்கு வந்ததே இல்லை.

"மாரி, எழும்பேலுமா?"

"இடுப்பு நானா."

"விஜேந்திரன் கார் பொரண்டு ஈக்கிது. அஞ்சாவது முடக்குல. உசுரு ஈக்கி. பதுளைக்கு கொண்டுபோறாங்க."

எழுந்து நின்றேன். எழுந்து நிற்க முடிந்தது. ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த முடக்குக்குப் போனேன்.

மழையில் மேட்டிலிருந்து ஒரு கல்லும் கொஞ்ச மண்ணும் ரோட்டில் சரிந்திருக்கின்றன. கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்திருக்கிறது. விஜேந்திரன் பிரேக்கை மிதித்திருக்கிறான். கார் வேகமாகக்கூட வரவில்லை என்றார் பஸ் டிரைவர். ஆனால் திரும்பவில்லை, சில்லு வளைந்திருந்தும் நேராகவே போனது என்றார். ஓரத்துக் கல்லை இடித்துக் கீழே பதினைந்து அடியில், தேயிலைக்குள் விழுந்திருந்தது.

ஈரத் தாரில் ஒரு தடமும் இல்லை. ஆனால் தாருக்கும் ஓரத்துக் கல்லுக்கும் நடுவே ஆறடி அகலத்துக்குப் புல்லும் மண்ணும். அதில் நான்கு சில்லுகளும் கிழித்த கோடுகள் இருந்தன. குனிந்து பார்த்தேன். குத்திக் குத்தி மிதித்திருந்தால் விட்டு விட்டு இருக்கும். விடவே இல்லை. தொடங்கிய இடத்திலிருந்து ஓரத்துக் கல் வரை ஒரே கோடு. மண்வெட்டியால் இழுத்ததுபோல.

அவன் மிதித்து வைத்திருந்தான். நான் சொன்னபடி.

அவன் பாட்டுக்கு விட்டிருந்தால் குத்தியிருப்பான். ஏபிஎஸ் இல்லாத காரில் அதுதான் சரி. நின்றிருப்பான்.

மதியம் காரைத் தூக்கிக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மணிக்குக் கிஷாந்தன் கராஜுக்குப் போன் பண்ணினான்.

"அண்ணை, அது போட்டாச்சோ?"

"எது தம்பி?"

"நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் வருவினம். போட்டுவிடுங்கோ." பிறகு, "அவருக்கு எப்பிடி இருக்காம்?" என்றான்.

"கால் நசுங்கிருச்சாம்."

"ம்," என்றான். வைத்துவிட்டான்.

பைக்குள்ளிருந்து பியூஸை எடுத்துச் செருகினேன். சின்னதாக ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டது. டேப்பை உரித்தேன். பசை ஒட்டியிருந்தது. துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். மொஹிதீன் நானா வாசலில் நின்று பார்த்தார். கராஜ் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டுப் போனார்.

இன்சூரன்ஸ்காரர் மறுநாள் வந்தார். சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், பெடலை மிதித்துப் பார்த்தார். பிரேக்கில் பழுது இல்லை என்று எழுதினார்.

அவர் போனபிறகு டாக்டரையா குடையோடு வந்தார். மடங்கிக் கிடந்த காரை நெடுநேரம் பார்த்தார்.

"மாரிசாமி, பிரேக்கில ஆரும் கை வைச்சதோ?"

"இல்லைங்க ஐயா."

என்னையே பார்த்தார். நான் நின்ற நிலையைப் பார்த்தார். "இடுப்பு திரும்பப் பிடிச்சிட்டுதுபோல," என்றார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டை மாத்திரை எடுத்து நீட்டினார். "சாப்பிட்ட பிறகு போடும். பாரம் தூக்காதேயும்."

வாங்கிக்கொண்டேன். போட்டேன். வலி குறைந்தது.

வியாழக்கிழமை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். பெடலுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டியதால் பாதம் ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டுப் போட்ட முழங்கால் போர்வைக்கு வெளியே தெரிந்தது. நான் அமுக்கிப் பிடித்த முழங்கால்.

"குத்திப்புட்டேன்டா மச்சான்," என்றான் விஜேந்திரன். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

"பேசாம படு."

"இல்லடா. யோசிச்சுப் பாக்குறேன். மிதிச்சு வச்ச மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா வச்சிருந்தா நின்னிருக்கும்ல? நீதான சொன்ன. நிக்கலன்னா குத்தியிருக்கேன். பழைய புத்தி."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "பெடல் உதைச்சுச்சா?"

"உதைக்கவேயில்ல. அதான் சொல்றேன், குத்தியிருக்கேன்னு."

சுதர்ஷினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஹோர்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணே, நீங்க எட்டு நாளு மழையில நின்னு சொல்லிக் குடுத்தீங்க. இவரு காலு கேட்டாத்தான? இப்ப அந்தக் காலே இல்ல," என்றாள். அழுது முடித்திருந்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பார்க்கும் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். வந்துவிட்டேன்.

கவனயீனமாக ஓட்டியதாகப் பொலிஸ் வழக்குப் போட்டது. தன் பிழைதான் என்று விஜேந்திரன் நீதவானிடம் ஒத்துக்கொண்டான். அபராதமாகப் போட்ட குற்றக்காசை டாக்டரையா கட்டினார். அதற்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான், காரைக் கெடுத்துவிட்டேன் ஐயா, மன்னிச்சுக்கங்க என்றான். கிஷாந்தன் அதற்குப் பிறகு மலைக்கு ஓட வரவில்லை. அடுத்த வருஷம் கனடா போனான் என்று கேள்வி.

இப்போது விஜேந்திரனுக்குப் பெரகலைச் சந்தியில் லொத்தர் சீட்டுப் பெட்டிக்கடை இருக்கிறது. கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். வாரத்தில் ஒரு நாளாவது நான் அந்தப் பக்கம் போவேன். புது வேன், புதுக் கார் வந்து நின்றால் அவனே டிரைவரைக் கூப்பிடுவான்.

"தம்பி, இதுல ஏபிஎஸ் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்ப கேட்டுக்கங்க. குத்தாதீங்க. மிதிச்சு அப்புடியே வைங்க. உதைக்கும், பயப்படாதீங்க. நான் குத்தித்தான் இப்புடி," என்று சாரத்தை விலக்கிக் காட்டுவான். "என் மச்சான் பெரிய மெக்கானிக். எட்டு நாளு மொழங்கால அமுக்கிப் புடிச்சு சொல்லிக் குடுத்தாரு. இந்த மண்டைக்கு ஏறல." பிறகு என் பக்கம் திரும்புவான். "சரிதான மச்சான்?"

"சரிதான்," என்பேன்.

போன வெள்ளிக்கிழமையும் கேட்டான். போன வெள்ளிக்கிழமையும் சரிதான் என்றேன். சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை, எப்போதும் வாங்குவதில்லை.

அவனுக்கு நான் தரவேண்டியது ஒன்று இருக்கிறது. நீ குத்தலடா மச்சான், மிதிச்சுத்தான் வச்சிருந்த, பியூஸப் புடுங்குனது நான். இவ்வளவுதான். ஐந்து வருஷமாகிறது. இன்னும் கொடுக்கவில்லை.